சீலிங்கில் குட்டி போட்ட மரநாய்

வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த பழைய வீட்டின் சீலிங்கில் ஒரு மரநாயும் குடியிருந்தது. மரநாய் என்றால் நாயில்லை. பூனையளவு உடம்பு, கீரி மூஞ்சி, நீள வால். பகல் முழுக்கத் தூங்கும். இருட்டினால் ஓட்டு இடுக்கால் வெளியேறிப் பின்வளவுப் பப்பாசிப் பழத்தைத் தின்றுவிட்டு வந்து, கொட்டை கொட்டையாக எங்கள் தலைக்குமேலேயே பேளும். சனியன் என்று நான் திட்டாத நாளில்லை. சீலிங்கின் மூடிப்பலகை இளகி, அந்தக் கண்றாவி சாப்பாட்டு மேசையில் விழத் தொடங்கியதும் என் கணவர் புது ஆணி வைத்து அறைந்தார்.

அந்த ஆணிகள்தான் வினையாயின.

ஒரு காலை ஆமியின் சுற்றிவளைப்பு, வீடுவீடாகச் சோதனை. வீட்டில் நான், கணவர், வெளிநாடு போகவென்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த என் தம்பி. பொலிசில் பெயர் பதிந்திருந்தபடி மூன்று பேரும் நின்றோம். எல்லாம் சரியென்று ஆமிக்காரர் இருவரும் வாசலுக்குத் திரும்பிவிட்டார்கள். அப்போது பார்த்து மேலே பலகை கிறீச்சிட்டது, ஆள் நடப்பதுபோலவே.

"உட கவுத?" மேலே யார் என்று கேட்டவனின் கண் புது ஆணிகளில் நின்றுவிட்டது.

"உகுடுவா, மஹத்தயா" என்றேன். மரநாய்க்குச் சிங்களத்தில் அதுதான் பெயர்.

அவன் நம்பவில்லை. தம்பியை மேசையில் ஏற்றி, ஆணியைப் பிடுங்கித் தலையை உள்ளே விடச் சொன்னான். துவக்கு தம்பியின் முதுகுக்கு நேரே இருந்தது. மரநாய் பாய்ந்து, இவன் பதறி ஒரு சத்தம் போட்டால் போதும், அவன் சுட்டுவிடுவான்.

"தம்பி, டக்கெண்டு அசையாதை. என்ன நடந்தாலும் கத்தாதை" என்றேன். ஆமிக்கு முன்னால் எப்படி நிற்பது என்று அந்த நாட்களில் எங்கள் வீடுகளில் எல்லோரும் சொல்லிக் கொடுத்தது அதைத்தான்.

தலை உள்ளே போனது. மேலே ஒரு சீறல், பிறகு தடதடவென்று பலகை அதிர்ந்தது. அதன்பின் ஒரு நாற்றம் இறங்கியது. ஆபத்து வந்தால் மரநாய் பின்பக்கத்தால் பீய்ச்சுகிற நாற்றம். ஆமிக்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டு துவக்கைத் தாழ்த்தினான். உகுடுவாதான் என்று மற்றவனிடம் சொல்லிச் சிரித்தபடியே போய்விட்டான்.

தம்பி இறங்கவில்லை. காலைப் பிடித்து உலுக்கினேன். மெதுவாகக் குனிந்தான். கன்னம் கிழிந்து இரத்தம் சேர்ட்டுக்குள் வழிந்துகொண்டிருந்தது.

"கடிச்சதே? ஏன்டா கத்தேல்லை?"

"நீங்கதானே அக்கா கத்தாதை எண்டனீங்க." கன்னத்தைத் துடைத்தபடி சொன்னான், "அதின்ரை குட்டியள் கிடக்கு. அது வேறை என்ன செய்யும்?"

ஆஸ்பத்திரியில் விசர்நாய்க்கடிக்குப் போடும் ஊசியைக் காயத்துக்குள்ளேயே போட்டார்கள். அவன் கட்டிலின் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தான், வாயைத் திறக்கவில்லை. என்னால் பொறுக்க முடியவில்லை.

"இஞ்சை கத்தலாமடா" என்றேன்.

அவன் முதலில் வாசலைப் பார்த்தான்.