எட்டாம் விதியோடு கரிவலம் வரை

உரிமையியல் நடைமுறைச் சட்டம், முதல் கட்டளை, எட்டாம் விதி: ஒரே அக்கறை உள்ள பலருக்காகச் சிலர், நீதிமன்ற அனுமதியுடன், வழக்காடலாம். 1976 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொருவருடைய வழக்குக் காரணமும் ஒன்றாக இருக்க வேண்டியதுகூட இல்லை. முப்பத்தைந்து வருடம் கோர்ட்டில் வேலை பார்த்து சிரஸ்தாராக ஓய்வு பெற்ற எனக்கு வீட்டில் உட்காரத் தெரியாது. அதனால் இந்த விதியைப் பையில் போட்டுக்கொண்டு 1983 ஜனவரியில் சென்னையில் கொல்லம் மெயில் ஏறினேன்.

காலை ஏழரை. சங்கரன்கோவில் ஸ்டேஷனில் சுடலைமுத்து காத்திருந்தார். லாரி டிரைவர். கண்வலிக்கு ஒரு கம்பெனியின் சொட்டு மருந்து விட்டு வலது கண் மங்கி, லைசென்ஸ் போனவர். தனியாக வழக்குப் போட வசதியில்லை. அவருடைய வக்கீல் என் தங்கை மகன். மனுவைப் பார்த்துத் தரும்படி என்னைக் கூப்பிட்டது அவன்தான்.

எட்டு மணி. கரிவலம்வந்தநல்லூர் பஸ், டிக்கெட் தொண்ணூறு பைசா. ஜன்னலோரம் மனுவைப் புரட்டினேன். சுடலைமுத்துவின் ஊரில் உள்ள அத்தனை தலைக்கட்டும், வீடு தவறாமல், வாதிகள்! பட்டியலில் ஒரு பெயரில் விரல் வைத்தேன்.

"இந்த வேலையாவுக்கு எந்தக் கண்?"

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஊர் வழக்குன்னா ஊர் பூரா சேரணும்லா? கொளத்துக் கேஸுக்கு அப்படித்தான போட்டோம்?"

"மருந்து பட்டது கண்ணில், குளத்தில் இல்லை."

பஸ் குலுங்கக் குலுங்க வெளிநாட்டு நடப்பைச் சொன்னேன். இங்கிலாந்தில் நஷ்டம் ஆளுக்கு ஆள் மாறினால் சேர்ந்து கேட்கும் வழி அநேகமாக அடைபட்டுவிடும். அமெரிக்காவில் கூட்டத்துக்கே நீதிபதி முதலில் சான்று தர வேண்டும்: ஆட்கள் போதுமா, கேள்வி பொதுவா, முன்னால் நிற்பவர் மற்றவர்களைப் போன்றவரா. மருந்து வழக்கென்றால் ஆளுக்கொரு உடம்பு என்று அங்கேயும் தயங்குகிறார்கள். நம் விதி இவ்வளவு கேட்பதில்லை. ஆனால் கம்பெனி வக்கீல் கேட்பார்.

"அப்ப வேலையாவை எடுத்துட்டு யாரைச் சேக்கது?"

"அதே மருந்தில் கண் கெட்ட யாரையும். எந்த ஊரானாலும்."

அடுத்த ஊரில் அப்படிப் பலர் உண்டு என்று சுடலைமுத்து இழுத்தார். அந்த ஊரோடுதான் குளத்துக் கேஸ்.

எட்டே முக்கால். கரிவலத்தில் இறங்கி அந்த அடுத்த ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் நடை. குளக்கரையைத் தாண்டும்போது சுடலைமுத்து துண்டைத் தோளிலிருந்து எடுத்தார், மறுபடி போட்டார். அங்கே ஆட்டுக்கிடை போட்டிருந்த அந்த ஊர்க்காரர் பரமசிவன் எங்களைப் பார்த்தும் எழவில்லை.

"எங்க மடையை அடைச்ச ஊர்க்காரருக்கு இங்கன என்ன சோலி?"

"மடைக் கேஸ் அது பாட்டுக்கு நடக்கட்டும்வே. நான் கண்ணுக்கு வந்திருக்கேன்."

"உமக்கு எது போச்சு?"

"வலது."

"எனக்கு இடது. ரெண்டு பேரும் சேந்தா ஒரு ஆளு தேறும்." சிரித்தார். உடனே முறைத்தார். "உங்க ஊர்க்காரன் முன்னால நிக்க, நாங்க பின்னால கைகட்டி வரணுமோ?"

சுடலைமுத்து என்னைப் பார்த்தார். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் விவசாயிகள், ஆடு மேய்ப்பவர்கள். டிரைவர் இவர் ஒருவர்தான். முன்னால் நிற்பவர் மற்றவர்களைப் போன்றவரா என்று அமெரிக்க நீதிபதி கேட்கும் கேள்விக்குப் பரமசிவனே நல்ல பதில். நான் அதைச் சொல்லுமுன் சுடலைமுத்துவே சொல்லிவிட்டார்:

"நீரே முன்னால நில்லும்வே. எனக்கு வண்டி ஓட்டணும், அம்புட்டுதான்."

மூன்று மணி. சுடலைமுத்துவின் ஊருக்கு வந்து, கண் கெடாதவர்களை எல்லாம் மனுவிலிருந்து எடுத்தேன். வேலையாவின் பெயரை நீக்கியதற்கு வேலையா என்னிடம் பேசவில்லை. மாலை மெயிலில் திரும்பினேன். சென்னையில் என் தெருக்காரர்கள் தண்ணீர் வரவில்லை என்று சேர்ந்து ஒரு மனு எழுதியதில்லை. ஆளுக்கொரு குடத்தோடு தனித்தனியாகத் திட்டுவார்கள்.

புதிய மனு போட்டோம். கம்பெனி ஆட்சேபித்தது, வாய்தா, வாய்தா, மறுபடி வாய்தா. பரமசிவன் முதல் வாதி, சுடலைமுத்து இரண்டாம் வாதி, இருவரும் இரண்டு ஊரிலும் கண் கெட்ட எல்லாருக்காகவும் வழக்காடலாம் என்ற அனுமதி 1984 ஜூன் 11 திங்கட்கிழமை வந்தது.