பதினோராவது பொட்டு

அஞ்சலாட்சி அக்கா எங்கள் அரசு ஓவியக் காட்சியகத்தில் பதினான்கு வருஷமாகப் பெருக்கிக்கொண்டிருந்தார். ஆனால் காகிதத்தில் அவருக்கு இருநூற்று நாற்பது நாள்கூட ஆகவில்லை. ஞாயிறு நீங்கலாக, இடைவெளி இல்லாமல் 240 நாள் வேலை பார்த்த தினக்கூலிக்காரர் நிரந்தரம் கேட்டு மனு போடலாம் என்று ஒரு விதி. அதனால் 230 ஆனதும் பத்து நாள் வீட்டுக்கு அனுப்பி, திரும்ப ஒன்றிலிருந்து எண்ணுவார்கள்.

“நான் இன்னும் வேலைக்கே சேரல பூர்ணிமா. சேர வந்துகினே இருக்கேன்” என்பார் என்னிடம். முத்தியால்பேட்டையிலிருந்து சைக்கிளில் வருவார். முகம் வரைந்த படங்களைத் துடைக்கும்போது “கண்ண மூடிக்கப்பா” என்று சொல்லிவிட்டுத்தான் துணியை வைப்பார்.

2005 மே மாதம் கோடைக் கண்காட்சி. பிரான்சுக்குப் போய் அங்கேயே இறந்துபோன லியோன் அருளானந்தம் என்பவரின் அரூப ஓவியங்கள். அவர் மகள் இரவலாக அனுப்பியிருந்தார். படங்களுக்குக் கீழே விளக்கம் எழுத என்னை மூன்று மாதத்துக்கு எடுத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் முதல் டிகிரி நான். அந்தப் படங்கள் எனக்கும் புரியவில்லை. படித்தும் புரியவில்லையே என்று யாரிடம் சொல்வது? அதனால் கண்ணில் பட்டதை எண்ணி எழுதினேன். ஒன்பதாம் படத்துக்கு: ‘நீல வெளியில் அலையும் பதினொரு சிவப்புப் புள்ளிகள்.’

திறப்பு விழா வெள்ளிக்கிழமை நடந்தது. அன்று காலையிலேயே அக்கா ஒவ்வொரு படத்துக்கும் பொட்டு வைத்திருந்தார். புதிதாக வரும் பீரோவுக்கும் ஸ்கூட்டருக்கும் வைக்கிற மாதிரி, நல்லெண்ணெயில் குழைத்த குங்குமம். மற்ற படங்களுக்குச் சட்டத்தில் வைத்தார். ஒன்பதாம் படத்துக்குச் சட்டம் கிடையாது. படம் வரைந்த துணியிலேயே வைத்துவிட்டார். விளக்க அட்டைகள் தாமதமாகி, புள்ளிகளை நான் எண்ணியது மறுநாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, அவருடைய 228ஆம் நாள், பொட்டைப் புதுப்பிக்கக் குங்குமச் சிமிழோடு நின்றபோது கண்காணிப்பாளர் ராஜவேல் சார் பார்த்துவிட்டார்.

“இன்னாமா பண்ற?”

“வெள்ளிக்கெழம சார்.”

“போன வாரமும் வச்சியா? எங்க?”

அக்கா படத்தை உற்றுப் பார்த்தார். “இங்கதான் எங்கியோ சார். எல்லாமே நல்லா பாந்தமா இருக்குது.”

“இதுல அவர் வச்சது எது, நீ வச்சது எது?”

“அவரு ஏன் சார் இத்தன வச்சாரு?”

சார் மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு அமைத்தார். ஓவியரின் மகள் அனுப்பிய பட்டியலில் படம் கறுப்பு வெள்ளையில் இருந்தது. ஒரே ஆதாரம் நான் எழுதிய விளக்கம். அதன்படி பதினொன்றும் ஓவியருடையவை. என்னைக் கேட்டார்கள். இடது ஓரத்தில் ஒரு புள்ளியில் விரல் ரேகை தெரிவதை நான் பார்த்திருந்தேன். “தெரியல சார்” என்றேன். அக்காவைக் காப்பாற்றவா அப்படிச் சொன்னேன், நான் எண்ணி எழுதியதைக் காப்பாற்றவா என்று இன்றுவரை கேட்டுக்கொள்கிறேன்.

230 ஆனது. வழக்கம்போல் பத்து நாள் வீட்டுக்கு அனுப்பும் தாளோடு சார் வந்தார். கிளார்க் கமலவேணி மேடம் தலை நிமிராமல் சொன்னார்: “விசாரணையில இருக்கறவங்கள வெளிய அனுப்பினா, ஓடிட்டாங்கன்னா யார் சார் பதில் சொல்றது?”

சார் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். தினமும் காலை பத்து மணிக்கு அக்கா விசாரணை நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவு போட்டார். அக்கா கையெழுத்துப் போட்டார், பெருக்கினார். 233, 234, 235. பத்து வருஷத்துக்கு முன் மஞ்சள் காமாலையோடு லீவு போடாமல் வேலைக்கு வந்தும் 231ஐ அவர் பார்த்ததில்லையாம்.

237ஆம் நாள் சார் சிரித்துக்கொண்டே வந்தார். நாள் கணக்கை யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

“அஞ்சலாட்சி, உன்ன மன்னிச்சாச்சு. விசாரணை முடிஞ்சிது. நாளையிலேருந்து பத்து நாள் நிம்மதியா வீட்டுல இரு.”

அக்கா விளக்குமாற்றைக் கீழே வைத்தார். “மன்னிக்காதீங்க சார். இன்னும் ரெண்டு மூணு நாள் நல்லா விசாரிங்க.”

“நீ நிரபராதிம்மா!”

“இல்ல சார், எனக்கே எம்மேல டவுட்டா இருக்குது.”

என் வாய் தானாகத் திறந்தது. “சார், எந்தப் பொட்டுன்னு எனக்குத் தெரியும். ஆனா குழு முன்னாடிதான் காட்டுவேன்.”

சார் என்னைப் பார்த்த பார்வையில் என் மூன்று மாத வேலை முடிந்துவிட்டது. ஆனால் புதுச் சாட்சியைத் தள்ள முடியாது. குழுவில் ஒருவர் வேளாங்கண்ணி போயிருந்தார். வெள்ளிக்கிழமைதான் கூட முடியும்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அக்கா 240ஆவது நாள் கையெழுத்தைப் போட்டார். நான் இடது ஓரத்துப் புள்ளியைக் காட்டினேன். மூன்று பேரும் மூக்கு படுகிற தூரத்தில் குனிந்தார்கள்.

“ரேகை தெரியுது” என்றார் ஒருவர்.

அக்காவும் குனிந்து பார்த்தார். “அது என் வெரல் இல்ல சார். என்னோடது இவ்ளோ பெருசா இருக்காது.”

விரலை நீட்டினார். அளந்து பார்த்தார்கள். பொருந்தவில்லை.

நான் இத்தனை நாள் மறைத்து வைத்திருந்தது லியோன் அருளானந்தத்தின் விரலை.

“அப்ப உன்னோடது எது?” என்று சார் கத்தினார்.

“அத நீங்கதான சார் விசாரிக்கிறீங்க” என்ற அக்கா, ஜாக்கெட்டுக்குள்ளிருந்து நாலாய் மடித்த மனுவை எடுத்து, எண்ணெய்க் கறை படாத பக்கமாகத் திருப்பி, அவரிடம் நீட்டினார்.