பெத்ரோவ் என்ன ஆளுங்க?

பல்கேரியாவுக்கு ஹோட்டல் வேலைக்குப் போன என் தங்கை, அந்த நாட்டுக்காரர் ஒருவரைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னதிலிருந்து எனக்கு மண்டைக் குடைச்சல்தான். அம்மா, "மாமா சரின்னா எனக்கும் சரி" என்று சொல்லிவிட்டுத் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போய்விட்டார். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். அம்மா சம்மதிக்காமல் கல்யாணம் வேண்டாம் என்று தங்கை அங்கே அழுகிறாள்.

மாமா நோட்டன் பிரிட்ஜிலிருந்து பஸ் ஏறி வந்து, உட்காருவதற்கு முன்பே கேட்டார்.

"மாப்பிள்ளை என்ன ஆளுங்க?"

"வெள்ளைக்காரங்க மாமா. அங்க சாதியெல்லாம் கிடையாது."

"பேருக்குப் பின்னால பெத்ரோவ்னு போட்டிருக்கே, அது என்னா?"

பெயரைக் கேட்டே ஆளைச் சொல்லிவிடுவார் என்று அவருக்கு ஊரில் ஒரு பெயர். நான் பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன்.

"பெத்தரோட மகன்னு அர்த்தம். பெத்தர்னா நம்ம பீட்டர். நாம அப்பா பேர முன்னால போடுறோம், அவங்க பின்னால போடுறாங்க. அவ்வளவுதான்."

மாமா தாடையைத் தடவினார். "சரி. அந்த பீட்டர் என்ன ஆளுங்க?"

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. நான் படிப்பிக்கிற ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே ஒரு தடவை சொன்னால் விளங்கிக்கொள்வார்கள். ஆனால் கேட்டுச் சொல்லாமல் மாமா நகரமாட்டார். ஞாயிற்றுக்கிழமை, எங்கள் லயத்து வீடுகளுக்கு மேலே சிக்னல் கிடைக்கிற மேட்டில் எல்லோரும் நின்று வீடியோவில் பேசினோம். வெட்கத்தை விட்டு, அந்தப் பெயரின் கதையை மாப்பிள்ளையிடம் ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவர் சந்தோஷமாகச் சொன்னார். பெத்தர் அவருடைய பாட்டனுக்கும் பாட்டன். மகனை ஊரில் பெத்தரின் மகன் என்றே கூப்பிட்டார்களாம். பிறகு பேரன், கொள்ளுப்பேரன் எல்லோருக்கும் அதுவே குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது. பெத்தர் மலையில் ஆடு மேய்த்தவராம்.

நான் தமிழில் சொல்லி முடிக்கவில்லை, மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"ஆடு மேய்ச்சவங்களா? அப்ப நம்மளவிட ஒரு படி மேலதான். பேசி முடிச்சிரலாம்."

காரியம் கைகூடியது என்று சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா? எனக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது.

அப்போது மாப்பிள்ளை மரியாதையாகத் திருப்பிக் கேட்டார்: உங்கள் அப்பா என்ன வேலை செய்தார்?

அதை நான் தமிழில் சொன்னதும் மாமா என் முழங்கையைக் கிள்ளினார். "கணக்கப்பிள்ளைன்னு சொல்லு. கேவலப்படுத்திறாத."

இறந்துபோன எங்கள் அப்பா தோட்டத்தில் கான் வெட்டியவர். மழையில் நின்று, மலை முழுக்கத் தண்ணீர் ஓடக் கான் வெட்டியவர். திரையில் தங்கை தலையைக் குனிந்துகொண்டாள்.

பக்கத்தில் நின்ற அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கான் வெட்டுனாருன்னு சொல்லு. கல்யாணத்துக்கு நான் சரின்னுட்டேன்னும் சேத்துச் சொல்லு. அண்ணனுக்கு இஷ்டம்னா வரட்டும்."