உப்பு போட்ட ஐஸும் ஸ்ரீவைகுண்டம் போன குப்பியும்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தை மாதம், மெட்ராஸிலிருந்து ஸ்ரீவைகுண்டத்துக்கு ஒரு கண்ணாடிக் குப்பியைச் சுமந்துகொண்டு போனேன். இத்தனை வருஷம் கழித்தும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. குளிர்ச்சி குறையாமல் எதையாவது நெல்லைப் பக்கம் எடுத்துப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

குப்பியில் இருந்தது அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையிலிருந்து எங்கள் பரிசோதனைக் கூடத்தில் சுத்திகரித்து எடுத்த ஆன்டிஜென், இரண்டு மில்லி. அந்தப் பூஞ்சை ஒருவர் நுரையீரலைப் பிடித்திருந்தால், அவர் ரத்தத்தை இதோடு சேர்க்கும் பரிசோதனையில் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்ரீவைகுண்டத்தில் இசக்கியம்மாள் என்ற அறுவடைக் கூலிப் பெண் எட்டு மாதமாகக் காசநோய் மாத்திரை தின்றும் ரத்தம் துப்பிக்கொண்டிருந்தார். அவர் ரத்தத்தை மெட்ராஸுக்கு வரவழைத்திருக்கலாம். எங்கள் மேலதிகாரிக்கு அது போதவில்லை. பந்தல் போட்டு முகாம் நடத்த வேண்டும், சிறப்பு விருந்தினர் கண் முன்னால் பரிசோதனை நடக்க வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும்.

காலை எட்டேகாலுக்கு நெல்லை ஜங்ஷனில் இறங்கினேன். ஜீப் நிற்கும் என்றார்கள். பத்தரை வரை ஒரு ஈ காக்கா வரவில்லை. குப்பி வைத்திருந்த பெட்டியில் ஐஸ் தண்ணீராகிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மீனுக்கு ஐஸ் விற்கும் அண்ணாச்சியிடம் பெட்டியைக் கொடுத்து, உருகாதபடி ஐஸ் நிரப்பச் சொல்லிவிட்டு, ஜீப்புக்காகப் போன் பண்ணப் போனேன். விருந்தினரை அழைத்துவர ஜீப் தூத்துக்குடி போயிருக்கிறதாம். நல்லா இருங்கடா! திரும்பி வந்து, மூடிக் கட்டிவைத்திருந்த பெட்டியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். முப்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், ஐந்து ரூபாய். வழியெல்லாம் வாழைத்தோட்டம். பார்க்கிற மனநிலையில் நான் இல்லை.

முகாமில் பெட்டியைத் திறந்தேன். உள்ளே வைத்திருந்த தெர்மாமீட்டர் பூஜ்யத்துக்குக் கீழே ஆறில் நின்றது. குப்பி உறைந்து, குறுக்கே விரிசல் விட்டிருந்தது. ஐஸைத் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்புக் கரித்தது. உறைந்தால் இந்த ஆன்டிஜென் திரிந்துபோகும். பிறகு அது எதையும் காட்டாது.

காலையிலிருந்து பட்டினியாக பெஞ்சில் உட்கார்ந்திருந்த இசக்கியம்மாளிடம் விஷயத்தைச் சொன்னேன். மெட்ராஸில் வேறு குப்பி உண்டா என்று கேட்டார். நான்கு இருக்கிறது என்றேன்.

"அப்பம் எஞ் சோரைய அங்கன கொண்டு போவலாம்லா சார்? இதுக்கா எட்டு மாசம்?"

யாரோ செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. அவர் சோரை என்று சொன்ன ரத்தத்தை எடுத்து, அதன் தெளிநீரான சீரத்தைப் பிரித்து, மூன்று மணிக்குக் கிளம்பினேன். அப்போதுதான் விருந்தினர் வந்து இறங்கினார். மேலதிகாரி அந்த விரிசல் விட்ட குப்பியையே அவர் கையில் கொடுத்துப் போட்டோ எடுக்கச் சொன்னார். மனுஷனா அவன்!

ஜங்ஷனில் நேராக ஐஸ் கடைக்குப் போய், வாய்க்கு வந்தபடி அண்ணாச்சியைத் திட்டினேன். அவர் முழுசாகக் கேட்டுவிட்டுப் பைய சொன்னார்.

"உருகப்படாதுன்னுதான சொன்னிய. காயல்பட்டினத்துலருந்து மீன் வரும்லா, அதுக்குப் போடுத மாதிரி ரெண்டு கை உப்பு போட்டேன். கட்டியாவப்படாதுன்னு நீங்க சொல்லலியே."

சொல்லவில்லைதான். ஐஸில் உப்பு போட்டால் குளிர் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கும் என்று படித்தவன் நான். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் பஸ் ஏறினேன். உப்பில்லாத ஐஸ் வாங்கிக்கொண்டு ரயிலேறினேன்.

மெட்ராஸில் நிறம் பளிச்சென்று வந்தது. பூஞ்சைதான்.

போகிறவர்களுக்கு: ஐஸ் போடுகிறவரிடம் உருகவும் கூடாது, உறையவும் கூடாது என்று இரண்டையும் சொல்லுங்கள். கிளம்பும் முன் தெர்மாமீட்டரைப் பாருங்கள். முடிந்தால் குப்பியைக் கொண்டுபோகாதீர்கள், ரத்தத்தை வரவழையுங்கள்.

மருந்தை மாற்றியதும் இசக்கியம்மாள் ரத்தம் துப்புவது நின்றது. இடது நுரையீரலின் மேல்பாதி இனி தேறாது என்று அங்கிருந்த டாக்டர் கடிதம் எழுதினார். அந்த எட்டு மாதத்தில் கடைசி மூன்று மாதம், விருந்தினர் தேதி கொடுப்பதற்காக நாங்கள் காத்திருந்தது.