வெட்டூரியா அத்தை வெளியே போகும் ஐந்து நிமிடம்

வெட்டூரியா அத்தையின் டார்ச் வெளிச்சம் பட்டால் செத்தவனும் எழுந்து டிக்கெட்டைக் காட்டுவான். ருமேனியா முழுவதிலும் அவரை ஏமாற்றி ஓசியில் படம் பார்த்த ஆள் இன்னும் பிறக்கவில்லை. நான் ஏழு தடவை பார்த்திருக்கிறேன்; என்னைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

எங்கள் ஊர்க் கொட்டகையில் இடம் காட்டுவதும் கூட்டிப் பெருக்குவதும் அவர்தான். ஐம்பத்தெட்டு வயது. உள்ளே கணப்பு கிடையாது என்பதால் கோட்டுக்குள் இரண்டு கம்பளிச் சட்டைகள். குள்ளம், கடைசி வரிசையில் டார்ச் மட்டும் தானாக நடந்து வருவதுபோல இருக்கும். பதினாறு வருடம் நெசவாலையில் தறிச் சத்தத்துக்கு நடுவே நின்றவர். அவர் ரகசியம் பேசினால் தெருமுனை ரொட்டிக்கடை வரை கேட்கும். "சத்தம் போடாதீங்க" என்று அவர் சொல்லும்போதுதான் படத்தில் வசனம் காதில் விழாமல் போகும்.

அவருடைய ஜென்ம விரோதி சூரியகாந்தி விதை. கொறித்துத் தோலைத் தரையில் துப்புகிறவர்களை அவர் மன்னித்ததே இல்லை. "வீட்ல இப்படித் துப்புவியா? துப்புவ. உங்கம்மாவ எனக்குத் தெரியும்." இதை மேயரிடமும் சொல்லியிருக்கிறார்.

போன மாதம் அந்தப் படம் வந்தது. சர்வாதிகாரி காலத்தில் பெண்கள் பட்ட பாடு. சிரிப்பு ஒன்றுகூடக் கிடையாது. ஊரில் அந்தக் காலத்தைக் கண்ட பெண்கள் எல்லாரும் வந்து, கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து பார்த்தார்கள். நான் கணக்கு வகுப்பிலிருந்து தப்பித்துப் போனேன்.

நாற்பதாவது நிமிடத்தில் ஒரு காட்சி. ஆலைப் பெண்கள் டாக்டர் அறைக்கு முன்னால் வரிசையில் நிற்பார்கள். மாதாமாதம் நடக்கும் சோதனை. நாள் தள்ளியிருந்தால் பெயரை எழுதிக்கொள்வார்கள்; எழுதிவிட்டால் பெற்றே ஆக வேண்டும், கலைத்தால் ஜெயில். அந்த வரிசை திரையில் தெரிவதற்கு முன்பே அத்தை துடைப்பத்தோடு பக்கக் கதவு வழியாக வெளியே போய்விடுவார். ஐந்து நிமிடத்தில் திரும்புவார். ஒவ்வொரு ஆட்டத்திலும் இப்படித்தான். திருட்டுத்தனமாக விதை கொறிக்கத்தான் போகிறார் என்று நான் முடிவு கட்டினேன்.

மூன்றாம் நாள், நுனிக்காலில் எம்பி அந்தக் கதவின் மேல் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டேன். அது அவருக்கு எட்டாது.

அத்தை வந்தார். இழுத்தார். டார்ச்சை மேலே அடித்துப் பார்த்தார். அதற்குள் திரையில் வரிசை வந்துவிட்டது. நான் சிரிப்பு வெளியே கேட்காமலிருக்க வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தேன். வரிசையில் நின்ற ஒருத்தி, பின்னால் நின்றவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"திரும்பாத, ஜம்ஃபீரா" என்றார் அத்தை, தன் ரகசியக் குரலில். "என்னப் பாக்காத."

கொட்டகை முழுக்கக் கேட்டது. ஒருவரும் 'உஷ்' என்று சொல்லவில்லை. விதை கொறிக்கும் சத்தமும் நின்றுபோயிற்று.

வீட்டில் இதை ஒரு வேடிக்கையாகச் சொல்லலாம் என்றுதான் ஆரம்பித்தேன். அம்மா சோளக் களி கிளறிய கரண்டியைக் கீழே வைத்தாள். ஜம்ஃபீரா, அத்தைக்குப் பக்கத்துத் தறிக்காரியாம். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள். மூன்றாவது வயிற்றில். 'டாக்டர் முகத்தையெல்லாம் பார்க்க மாட்டார், என் பெயரைச் சொல்லி எனக்குப் பதிலாகவும் நீயே ஒரு தடவை உள்ளே போய் வந்துவிடு' என்று வரிசையிலேயே திரும்பி அத்தையிடம் கெஞ்சினாளாம். அத்தை குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாராம். பெயர் எழுதப்பட்டது. ஜம்ஃபீரா யாரிடமோ போய்க் கலைத்தாள். ரத்தம் நிற்கவில்லை. செய்தது யார் என்று சொன்னால்தான் வைத்தியம் பார்ப்போம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். அவள் சொல்லவில்லை.

"நீ அங்க இருந்தியாம்மா?"

"அவளுக்கு நாலு பேர் பின்னாடி" என்றாள் அம்மா. "நானும் கீழதான் பாத்துட்டு நின்னேன்."

மறுநாள், படத்தின் கடைசி நாள், நான் காசு கொடுத்து டிக்கெட் வாங்கினேன். சரித்திரத்தில் முதல் முறை. பக்கக் கதவின் தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, அது மூடிக்கொள்ளாமல் இடுக்கில் என் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாற்பதாவது நிமிடம் நெருங்கியது. டார்ச் வந்தது. முதலில் என் பூட்ஸ் மேல் விழுந்தது, அப்புறம் கோட்டுப் பை மேல், அப்புறம் முகத்தில்.

"கால எடுடி, இலிங்கா. குளிர் உள்ள வருது."

"நீங்க வெளிய போகணுமேன்னு…"

"அன்னைக்குப் போட்டவளும் நீ, இன்னைக்குத் தொறந்தவளும் நீ. அந்தத் தாழ்ப்பாள் எட்டற ஒட்டகம் இந்த ஊர்ல வேற எது இருக்கு?"

கதவைச் சாத்தினார். டார்ச்சை அணைத்துவிட்டு என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் கொட்டகையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. திரையில் பெண்கள் வரிசையாக வந்து நின்றார்கள். அந்த ஒருத்தி திரும்பினாள். அத்தை குனியவில்லை. அவளையே பார்த்தபடி, என் பக்கம் உள்ளங்கையை நீட்டினார், கோட்டுப் பையில் நான் ஒளித்து வைத்திருந்த விதைக்கு.