மச்சான் திருப்பித் தந்த ஜாக்

என் மனைவியின் அண்ணன் என் ஜாக்குக்குள் மண்ணைப் போட்டுவிட்டார் என்றுதான் நான் முதலில் நம்பினேன். சந்தேகப்பட்டேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும். நம்பினேன். கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொல்லியிருந்தாலும் பண்ணியிருப்பேன்.

காரணம் இருந்தது. தினமும் காலையில் ஐந்து டீச்சர்மாரைக் கண்டியிலிருந்து தெல்தோட்டைப் பாடசாலைக்கு ஏற்றிப் போவது என் வேன். என் வீட்டு அடுப்பு எரிவதே அந்த ஹயர் ஓட்டத்தால்தான். அதன்மேல் மச்சானுக்குப் பல நாள் கண். அவருடைய வேன் கலஹாவில் வீட்டு வாசலில் தூசி தின்றுகொண்டு நின்றது. அப்படிப்பட்டவர், டயர் மாற்ற வேனைத் தூக்குகிற என் போத்தல் ஜாக்கை இரவல் வாங்கிப் போய் ஒரு வாரம் வைத்திருந்து திருப்பித் தந்தார். தரும்போது அது பாதி உயரத்துக்குமேல் எழும்பவில்லை.

"ஒயில் கொறஞ்சிருக்கும் மாப்ள, ஊத்திக்கங்க" என்றார், குடித்து முடித்த டம்ளரை நீட்டுகிறவர் மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊற்றினேன். வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. கறுத்துப்போன பழைய ஒயிலைக் கவிழ்த்துக் கொட்டினேன். ஜாக்கை நிமிர்த்தி வைத்து, தண்டை முழுதாக இறக்கி, பக்கத்திலிருந்த ரப்பர் மூடியை நெம்பி எடுத்து, துளையின் விளிம்பு வரைக்கும் ஊற்றினேன். அடித் திருகைத் தளர்த்திவிட்டு இருபது தரம் அடித்து, உள்ளே இருந்த காற்றை வெளியேற்றினேன். பிறகு திருகை இறுக்கி வேனைத் தூக்கிப் பார்த்தேன். சொன்ன பேச்சைக் கேட்டது.

அன்று நான் செய்த இன்னொரு காரியம், வத்தேகமச் சந்தையில் அளந்து வாங்கிய தேங்காய் எண்ணெயை வீட்டில் கொடுத்தது. மனைவி மூடியைத் திறந்து முகர்ந்தாள். லொறி நாற்றம் அடிக்கிறதாம். குப்பையில் எறிந்துவிட்டு என்னை ஏசினாள். நான் அந்தக் கடைக்காரரை ஏசினேன்.

செவ்வாய்க்கிழமை காலை, கலஹாவைத் தாண்டியதும் பின் டயர் காற்றை விட்டது. தை மாதக் குளிர். வாயைத் திறந்தால் புகை. ஜாக்கை வைத்து அடித்தேன். கைப்பிடி, களியில் மாட்டிய அகப்பை மாதிரி நகர்ந்ததே தவிர, தண்டு ஒரு நூல்கூட எழும்பவில்லை. திருகை இறுக்கினேன், தளர்த்தினேன், மறுபடி இறுக்கினேன். ஜாக்கிடம் கெஞ்சினேன். பிறகு உதைத்தேன். வீங்கியது என் கால் விரல்.

தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறிக்காரர் ஒருவர் தன் ஜாக்கைத் தந்து எங்களைக் கிளப்பிவிடுவதற்குள் ஏழரை தாண்டிவிட்டது. ஏழரைக்குப் பாடசாலை வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு போட்டுவிடுவார்கள். அதற்குக் கீழே கையெழுத்து வைத்தால் பிந்தி வந்தவர் என்று அர்த்தம். அன்று ஐந்து பேரும் கீழே. மூத்த டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். குரலை உயர்த்தாமலே கழுத்தை அறுக்கத் தெரிந்தவர்.

"அண்ணை, இன்னொருக்கா சிவப்புக் கோடு விழுந்தால் நாங்கள் வேற வான் பாப்பம்" என்றார்.

எந்த வேன் என்று அவர் சொல்லவில்லை. எனக்குச் சொல்லவும் தேவையில்லை.

திரும்பும் வழியில், உச்சி வெயிலில், மச்சானின் வாசலில் நிறுத்தி, ஜாக்கை அவர் காலடியில் வைத்து, உள்ளே என்ன போட்டீர்கள் என்று கேட்டேன். அவர் அதை என் வேனுக்கு அடியில் தள்ளி இரண்டு விரலால் அடித்தார். வேன் எழும்பியது. என் காசில் வாங்கிய என் ஜாக், எதிரியின் கையில் பல்லை இளித்துக்கொண்டு எழும்பியது.

"ஜாக்குல ஒரு பழுதும் இல்ல மாப்ள. அடிக்கிற ஆளுலதான்."

"டீச்சர்மார் வேணும்னா நேரா கேளுங்க மச்சான். எதுக்கு இந்த ஈனப் பொழப்பு?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "என் தங்கச்சி ஒங்க வீட்ல இருக்கா. இல்லாட்டி இந்த ஜாக்கை வேற எடத்துல வச்சித் தூக்கியிருப்பேன்."

வீட்டுக்குப் போய் மனைவிக்கு அவள் குலத்தின் யோக்கியதையை விளக்கினேன். சோறு ஆக்குவதும் அதே குலம்தான் என்பதை அவள் அடுப்பை மூட்டாமலே எனக்கு விளக்கினாள். புதன்கிழமை மத்தியானம் வெறும் வயிற்றோடு மறுபடி சோதித்தேன். ஜாக் வேலை செய்தது. உள்ளே மண் இடம் மாறியிருக்கிறது என்று முடிவு கட்டினேன்.

வியாழக்கிழமை காலை, அதே குளிரில், ஒட்டுப்போட்ட அதே டியூப் போனது. அதே களி, அதே அகப்பை. இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது, இதோ எழும்பிவிடும் என்று டீச்சர்மாரிடம் நாலு தரம் சொன்னேன். ஐந்தாம் தரம் சொல்லும்போது மூத்த டீச்சர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

பத்தே நிமிடத்தில் மச்சானின் வேன் வந்தது. தலை வாரி, பவுடர் பூசி இறங்கினார். டீச்சர்மார் பைகளை மாற்றி ஏற்றுகிற நேரத்தில் என் ஜாக்கைத் தூக்கி ரப்பர் மூடியைப் பிடுங்கினார். தீக்குச்சி ஒன்றைத் துளைக்குள் விட்டுக் கிண்டினார். குச்சியோடு வெள்ளையாக ஒரு கட்டி வந்தது. முகர்ந்தார். என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இதுல அப்பளம் பொரிக்கலாம் மாப்ள."

டீச்சர்மார் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். மச்சான் தன் ஜாக்கை என் டயரடியில் போட்டுவிட்டு, பின்னேரம் கொண்டுவந்து தரச் சொன்னார். அதையும் சமைத்துவிட வேண்டாம் என்றார்.

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை என் சீட்டுக்கு அடியில் இரண்டு சாராயப் போத்தல்கள் கிடந்தன. ஒன்றில் ஜாக் ஒயில், மற்றதில் தேங்காய் எண்ணெய். இரண்டும் நான் குடித்துக் காலி பண்ணிய போத்தல்கள். எண்ணெயை ஜாக்குக்குள் ஊற்றினேன், ஒயிலை மனைவியிடம் கொடுத்தேன். தை மாதக் காலையில் தேங்காய் எண்ணெய் உறையும். மத்தியான வெயிலில் உருகும். மச்சான் என் ஜாக்குக்குள் எதையும் போடவில்லை. டீச்சர்மார் ஐந்து பேரும் அன்று சிவப்புக் கோட்டுக்கு மேலே கையெழுத்து வைத்தார்கள். அன்றிலிருந்து அவர்கள் மச்சானின் வேனில் போகிறார்கள்.