குணம் அண்ணை இருந்த ரியோ

தோளில் பையைக் கொழுவிக்கொண்டு பிரேசிலில் ரியோவையும் பக்கத்துக் கடற்கரை ஊர்களையும் சுற்றிவிட்டு என் மகள் திரும்பியிருக்கிறாள். இன்று படங்களைக் கழுவி எடுத்துக்கொண்டு, லண்டன் டூட்டிங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தேத்தண்ணி குடிக்கப் போனோம்.

என்னோடு பெட்ரோல் ஷெட்டில் வேலை செய்யும் குணம் அண்ணை அங்கே இருந்தார். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“பாஸ்போர்ட்டை ஆரிட்டைக் குடுத்து வைச்சிருந்தனீ, பிள்ளை?”

“ஒருத்தரிட்டையும் இல்லை, அங்கிள். என்ர பைக்குள்ளதான் இருந்தது.”

அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. ஏஜென்ட்மாரை நம்பி அகதிகளாக இங்கே வந்து சேர்ந்த எங்களில் யார் பாஸ்போர்ட்டைத் தன் கையில் வைத்திருந்தார்?

“நானும் ரியோவில இருந்தனான்,” என்றார். “லண்டனுக்கு அனுப்பிறன் எண்டு ஏஜென்ட் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு எங்களை ஒரு அறையில விட்டுப் பூட்டிப்போட்டான். கடல் இரையிறது கேக்கும். ஜன்னல் திறக்க ஏலாது.”

மகள் ஒரு கடற்கரைப் படத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

“தண்ணி குளிரே, பிள்ளை?”

“இல்லை, அங்கிள். நல்ல இளஞ்சூடு.”

தலையாட்டினார். படத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டார்.

வீட்டுச் சுவரில் உலக வரைபடம் தொங்குகிறது. போன ஊர்களுக்கெல்லாம் மகள் ஊசி குத்தி வைத்திருக்கிறாள். ரியோவில் குணம் அண்ணைக்கும் ஒன்று குத்தலாமா?

நீங்களே சொல்லுங்கோ.